கேட்கிற நாற்காலி

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு, உன் வாலு எழுதுவது.

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் நலமில்லை. அப்பாவின் கோபம் ரொம்பவே நலம். உன் நலத்தை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. என் போன் பீரோவில், பீரோ சாவி அப்பாவிடம். அப்பா போனில் மணிச்சத்தத்தை எடுத்துவிட்டுக் கழுதை கத்துவதை வைத்தது நான்தான். பெரிய அதிகாரியோடு மீட்டிங்கில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டுக் காய் வாங்கிவரச் சொல்வாள் என்று நான் கண்டேனா? "கழுத கத்தி முடிச்சாச்சு. இனி செமஸ்டர் முடியற வரைக்கும் நீ கத்தக் கூடாது" என்று தீர்ப்பாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ புள்ளியியல் நடத்திய உன் பழைய கல்லூரியில், நீ ஆரம்பித்துவைத்த அதே 'கற்றல் குழும'த்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாங்கள் 'கற்றல் குழப்பம்' என்கிறோம். அம்மாவுக்கு விளக்கியதை உன்னிடமும் ஒப்பிக்கிறேன், சரியா பார்: மூன்று பாடம், மூன்று வாத்தியார், ஒரே வகுப்பு, ஒரே பொருள். பொருள் தண்ணீர். அதில் என்ன கரைந்திருக்கிறது என்று வேதியியல் பார்க்கும். அதற்காக யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று வரலாறு பார்க்கும். இரண்டு பேரும் அளந்தது சரியா என்று புள்ளியியல் பார்க்கும். மூன்றும் ஒரே கயிற்றில் கட்டிய மாடு, ஒன்று படுத்தால் மூன்றும் படுக்கும். அம்மா கேட்டாள்: "அப்ப பால் யாருடி கறக்கறது?"

கடைசி வரிசையில் உன் நாற்காலி அப்படியே இருக்கிறது. முதுகில் நீ பெயிண்டில் எழுதிய 'கேட்கிற நாற்காலி' அழியவில்லை. ஒருவர் நடத்தும்போது இன்னொரு வாத்தியார் அதில் மாணவராக உட்கார வேண்டும். அவர் வராத நாளில் எங்களில் ஒருவர், முறை வைத்து. உட்காருகிறவர் தனக்கு உண்மையிலேயே பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். சுவரில் விதி இருக்கிறது, விதி போட்டவள் பெயர் இல்லை. உன் விதி அப்படி.

இப்போது மூன்றாவது வாத்தியார் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். உன்னை மாதிரி வருடா வருடம் ஒப்பந்தம் போட்டு ஒரு வருடம் போடாமல் விடுகிற வேலை இல்லை. சோடா சாரும் கல்வெட்டு மேடமும் சேர்ந்து யார் பெயரை எழுதிக்கொடுக்கிறார்களோ அவருக்கே வேலை. நீ விண்ணப்பம் போடு. வந்துவிடு. அம்மா தையல் மெஷினை உன் அறையிலிருந்து ஹாலுக்குத் தள்ளிவிட்டாள், முழங்காலையும் பார்க்காமல்.

(சோடா சார் வேதியியல்: கண்ணாடி சோடாபுட்டி, பேச்சு வெறும் கேஸ். கல்வெட்டு மேடம் வரலாறு: ஒரு வார்த்தை சொன்னால் செதுக்கின மாதிரி.)

கட்டில் முழுவதையும் இப்போதைக்கு அனுபவிக்கும்,
வாலு


ஜூலை 2

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அம்மாவை மாடி ஏற விடாதே. அப்பாவிடம் என் அனுதாபத்தைச் சொல். உன் கடிதத்தில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எப்போதும் படிப்பேன். கழுதையைத் தள்ள மனம் வரவில்லை.

இங்கே நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் காலையில் ஒரு கூட்டத்துக்கும் மாலையில் ஒரு கூட்டத்துக்கும் அதே கணக்கைப் போடுகிறேன். யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் பாடம் முடியாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல். அதையும் திறந்து பார்த்தால் இன்னொன்று இருக்கும்போல.

விண்ணப்பம் போட்டுவிட்டேன். எனக்காகப் பேசுவதாக மேடம் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தம் முடிந்த அன்றும் அவர்தான் வாசல்வரை வந்தார்; "நீ திரும்பி வருவேம்மா" என்றார். அதனால் என் விஷயமாக அங்கே வாயைத் திறக்காதே. அந்த வாயை எனக்குத் தெரியும்.

இன்னமும் தெரியாததைத்தான் கேட்கிறார்களா? அதை மட்டும் எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூலை 21

அன்பே உருவான, ஆனால் ஒரு பக்கம்கூட எழுதாத அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அம்மா மாடி ஏறுவதில்லை. நான் ஏறித் துணி உலர்த்துகிறேன். முழங்கால் அவளுக்கு, வலி எனக்கு.

தெரியாததைக் கேட்கிறார்களா என்றாய். கேள் கதையை. நோட்டுக் கட்டைக் கொடுக்க ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். உள்ளே ஒத்திகை.

"நாளைக்கு நீங்க என்கிட்ட, தண்ணி கொதிச்சு ஆவியானா உப்பு எங்க போகுதுன்னு கேளுங்க மேடம்."

"அது எனக்குத் தெரியுமே சார்."

"தெரியாத மாதிரி கேளுங்க. நான் உங்ககிட்ட பழைய ஏரிய யாரு தூர்த்தாங்கன்னு கேக்கறேன். நீங்க பிச்சு ஒதறுங்க."

மேடம் டீயை மூன்று தடவை ஆற்றினார். மறுநாள் உப்பு எங்கே போகிறது என்று கேட்டார். சார் அசந்துபோன மாதிரி கண்ணாடியைக் கழற்றி, "ஆஹா, என்ன கேள்வி!" என்றார். பின்பெஞ்சில் ஒட்டடை (ஒல்லியாக, உயரமாக, எப்போதும் மூலையில் இருப்பான்) என் காதில், "அடுத்த காட்சி எப்ப?" என்றான்.

பாடப்புத்தகம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதின 'ஒரு தெருவின் தண்ணீர்'. முதல் பாதி மேடத்தின் வரலாறு, இரண்டாம் பாதி சாரின் சோதனை. 'தெருவில் உள்ள எல்லாக் கிணறுகளிலும் நீர் எடுத்துச் சோதித்தோம், குடிக்கத் தகுந்தது' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. முன்னுரையில் 'உதவியவர்களுக்கு நன்றி'. பாட்டில் தூக்கிக்கொண்டு சாரின் பின்னால் அலைந்தது நீ ஒருத்திதானே? நன்றி சொல்லும்போது பன்மையாக்கிவிட்டார்கள். மரியாதைப் பன்மை போலிருக்கிறது.

இப்போது என் திட்டம். மற்ற துறைகளிலும் இப்படிப் பாடங்களைக் கோக்கலாமா என்று பார்க்க அக்டோபரில் ஒரு கமிட்டி வருகிறது. அன்றைக்குச் சாரும் மேடமும் சேர்ந்து நடத்துவார்கள், நாற்காலியில் ஒரு மாணவர். முறை ஒட்டடையுடையது. அவன் லேப் ரெக்கார்டுக்கெல்லாம் நான் படம் வரைந்து தருகிறேன் என்றதும் நாற்காலி கைமாறிவிட்டது. நீ ஒரு நிஜக் கேள்வி கொடு. நீ இல்லாமல் வகுப்பு எவ்வளவு பொக்கை என்று கமிட்டி பார்க்கட்டும். உன்னைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வருங்கால நாற்காலி


ஆகஸ்ட் 6

வாலு,

எல்லோரும் நலமாக இருப்பது சந்தோஷம். துணி உலர்த்துவதால் நீ தேய்ந்துவிட மாட்டாய்.

கேள்வி கிடையாது. சும்மா இரு. அவர்கள் ஒத்திகை பார்த்தால் பார்க்கட்டும், வயதானவர்கள், களைத்திருப்பார்கள். நான் வந்து சரிசெய்துகொள்வேன். அந்த நாற்காலி கழுதைச் சத்தம் வைக்கிற இடம் இல்லை.

புத்தகத்தைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் அப்புறம் எழுதுகிறேன்.

அம்மாவின் தைலம் இந்தத் தபாலில் வருகிறது. சூடு செய்யாமல் தடவச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது. வீடே மணக்கிறது, பூனை வீட்டைக் காலி செய்துவிட்டது. அம்மா உன்னைக் கேட்டாள், அப்பா கேட்காத மாதிரி கேட்டார்.

ஒரு சிரிப்புச் செய்தி. புள்ளியியலுக்கு ஒரு புது மேடம் வந்திருக்கிறார். சோடா சாரின் பழைய மாணவியாம். "இன்று, நாம், மாதிரி எடுத்தல், என்பதை" என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்துவதால் கமா மேடம் என்று பெயர் வைத்துவிட்டோம். அவருக்கு ராஜ உபசாரம்! உன் ஜன்னலோர மேஜை இப்போது அவருக்கு. உன் அலமாரியைத் துடைத்துக் காலி செய்தாகிவிட்டது. வாசலில் பெயர்ப்பலகையே அடித்தாகிவிட்டது, நாலு மூலைக்கும் ஆணி. புயல் வந்தால் கல்லூரி போகும், பலகை போகாது. சோடா சார் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிறார், வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

இதற்கெல்லாம் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ வந்து உட்கார்ந்தால் கமா எங்கே நிற்கும்? அதனால் கேள்வி கொடு. கொடு, கொடு, கொடு.

கமாவுடன்,
வாலு,


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதமே இல்லை, அம்மா கூப்பிட்டால் போனையும் எடுப்பதில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அவளுக்கு ஒடம்புக்கு ஏதாவதா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. "அவளுக்கு என்ன, கல்லு மாதிரி இருப்பா" என்று நான் பதினோரு தடவை.

கமிட்டி அக்டோபர் முதல் வாரம். கேள்வி தராவிட்டால் நானே ஒன்று தயாரிப்பேன். அது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

கவலையுடன் (நிஜமாகவே),
வாலு


செப்டம்பர் 27

இதைக் கேள். ஒரு சொல்லையும் மாற்றாதே.

'தெருவின் எல்லாக் கிணறுகளும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சாயப்பட்டறைச் சுற்றுச்சுவருக்குள் இருக்கிற கிணறுகளுக்கு எந்த வாசல் வழியாகப் போனீர்கள்?'

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்றுதான் நினைக்கிறேன். கமிட்டி வந்து போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் எதையும் தள்ளாமல் படி.

ஹாலில் முன்வரிசையில் கமிட்டி. மேடையில் சாரும் மேடமும், கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. நான் நாற்காலியில். உன் கேள்வியை அப்படியே கேட்டேன். சின்னக் கேள்வியாக இருக்கிறதே, இதைப்போய் அக்கா இத்தனை நாள் யோசித்தாளா என்றுகூட எனக்குத் தோன்றியது.

சார் சிரித்தார். "நல்ல கேள்வி. வேற எந்த வழி? மெயின் கேட் வழியாத்தான் போனோம்."

அவ்வளவில் முடிந்திருக்கும். ஆனால் மேடம் அவர் பக்கம் திரும்பி, உதவி செய்கிற குரலில், "மெயின் கேட் அந்த வருஷம் பூட்டியில்ல சார் கெடந்துது? கதவடைப்பு. மொதலாளி சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே. மூணாவது அத்தியாயமே அதுதானே, நான்தானே எழுதினேன்" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. ஒரே புத்தகம் அக்கா. முதல் பாதியில் வாசல் பூட்டியிருக்கிறது. இரண்டாம் பாதியில் உள்ளே போய்த் தண்ணீர் மொண்டிருக்கிறார்கள். கோத்துப் படிப்பதற்கென்றே எழுதின புத்தகத்தை யாரும் கோத்துப் படிக்கவில்லை, எழுதினவர்கள் உட்பட.

வகுப்பு சிரித்தது. ஒட்டடைதான் ஆரம்பித்தான். கமிட்டியில் ஒருவர் பேனாவை மூடினார், உடனே சிரிப்பு நின்றுவிட்டது.

"இது உன் கேள்வி இல்ல" என்றார் சார். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"விதிப்படி எனக்குத் தெரியாததைத்தான் சார் கேட்டேன்."

"நீ கேட்டியா, கேக்க வெச்சாங்களா?"

மேடம் என் முகத்தையே பார்த்தார். என் மூக்கு உன் மூக்கு என்று எல்லோரும் சொல்வார்களே, அதைத் தேடுகிற மாதிரி.

கமிட்டி டீ குடிக்காமல் போனது. நான் ஜெயித்துவிட்டேன், இல்லையா? ஜெயித்தால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்களா? ஒட்டடைகூட இடம் மாறிவிட்டான். பரவாயில்லை. இனி உன்னைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள்?

சீக்கிரம் எழுது.
வாலு


நவம்பர் 3

வாலு,

நலம். அம்மாவிடமும் அப்படியே சொல்.

மேடம் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். படி. இதுவரை அவர் என்னை 'நீங்கள்' என்று சொன்னதே இல்லை.

"நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புள்ளியியலுக்கு ஒரு பெண் வந்தது ஒரு மாதத்துக்கு மட்டும். வகுப்பு காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக. என் மேஜையின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போய்விட்டாள். உங்கள் மேஜையையும் அலமாரியையும் நான் யாரையும் தொடவிடவில்லை. உங்கள் பெயர் ஒன்றைத்தான் எழுதிக்கொடுத்திருந்தோம். வேதியியல் சாரும் கையெழுத்துப் போட்டார், நான் போட வைத்தேன். முதல்வரின் கையெழுத்துக்காக உத்தரவு மேஜையில் இருந்தது.

அவர் எழுதியது பொய். அதற்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் அவரும் தெரிந்ததையே கேட்டு நடித்தோம். அது என் சோம்பல், என் வெட்கம். ஆனால் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அவரோடு போனது நீங்கள். அச்சுக்குப் போகுமுன் என் அறையில் உட்கார்ந்து பிழை திருத்தியதும் நீங்கள். அந்த வரியைத் தாண்டித்தானே போயிருப்பீர்கள்? வேலை கிடைக்கும் என்றிருந்தவரை உங்களுக்கு அந்தக் கிணறுகள் நினைவில்லை.

தெரியாததைக் கேள் என்று விதி போட்டவர் நீங்கள். இதற்கு உங்களுக்குப் பதில் தெரியும். தெரிந்ததை, தெரியாத ஒரு குழந்தையின் வாயில் வைத்துக் கேட்டீர்கள். என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இணைப்புப் பாடங்கள் இந்தப் பருவத்தோடு நிற்கின்றன. உங்கள் புத்தகங்களைத் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன்."

உன்னிடம் எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். வாசலில் அடித்த அந்தப் பெயர்ப்பலகையில் எழுத்து என்ன நிறம்?

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை சொன்னால் பலிக்கும்.

உன் புத்தகங்கள் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தன. மேடமே ஆட்டோவில் ஏற்றிவிட்டார். "பாத்துப் போம்மா" என்றார், வேறொன்றும் இல்லை. குழுமம் கலைந்துவிட்டது. மூன்று மாடுகளையும் அவிழ்த்து மூன்று தொழுவத்தில் கட்டியாகிவிட்டது. நான் இப்போது வெறும் வேதியியல் வகுப்பில், வெறும் பெஞ்சில். சோடா சார் நீண்ட விடுப்பில். வகுப்பில் எனக்குப் புதுப் பெயர் 'மெயின் கேட்'. நான் வந்தால் எல்லோர் வாயும் பூட்டிக்கொள்கிறது.

அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டு அப்படியே தொங்குகிறது. சுவருக்கு வெளியே ஒரு அம்மா பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். "உள்ள இருக்கற கிணத்துலேருந்து பைப் இழுத்திருக்காங்க, எங்களுக்கு நல்லதாப் போச்சு" என்றார். இத்தனை நடந்த பிறகும் அங்கே பாட்டில் எடுத்துக்கொண்டு ஒருத்தரும் போகவில்லை அக்கா. குடிக்காதீங்க என்று சொன்னேன். "நல்ல தண்ணின்னு காலேஜுல புத்தகமே போட்டிருக்காங்களே பாப்பா" என்றார்.

அம்மா தையல் மெஷினைத் திரும்ப உன் அறைக்கே தள்ளச் சொன்னாள். நான்தான் தள்ளினேன். கல் மாதிரி கனம்.

வாலு


டிசம்பர் 1

வாலு,

நான் நலம். அந்த அம்மாவிடம் நீ சொன்னது நல்லது.

எல்லாம் எழுதியிருக்கிறாய். நிறத்தை மட்டும் எழுதவில்லை.

அக்கா


டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பலகைக்கு நிறம் இல்லை. பலகையும் இல்லை, ஆணியும் இல்லை. அலமாரியை யாரும் துடைக்கவில்லை. குடையும் நான் பிடித்ததுதான். நீ பாதியைத் தள்ளிவிட்டுப் படிப்பாய் என்று நினைத்தேன். எந்தப் பாதியைத் தள்ளுவாய் என்று நினைக்கவில்லை.

உடைசல் சாமான்களோடு உன் நாற்காலியையும் வெளியே போட்டிருந்தார்கள். காவலாளியிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். உன் அறையில், மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அதனால் விதிப்படி ஒரு கேள்வி, சத்தியமாக எனக்குப் பதில் தெரியாதது:

நான் அந்தப் பலகையை அடிக்காமல் இருந்து, உனக்கு வேலையும் கிடைத்து, நீ வந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தால், அந்தச் சாயப்பட்டறை வாசலைப் பற்றி யாரிடமாவது, எப்போதாவது, கேட்டிருப்பாயா?

வாலு


ஜனவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமென்று நினைக்கிறேன். இங்கே குளிர் கொஞ்சம் அதிகம்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா